தங்க வீடில்லாத மாணவனுக்குப் பள்ளி என்ன செய்ய முடியும்? - சந்தேகங்களுக்கு விளக்கம்

ஒரு ஆசிரியை கேட்டிருக்கிறார்: "என் வகுப்பில் ஒரு பையன் அடிக்கடி தாமதமாக வருகிறான், பாடம் நடக்கும்போதே தூங்கிவிடுகிறான். அவர்களுக்கு இப்போது வீடில்லை என்று பிள்ளைகள் பேசிக்கொள்கிறார்கள். பள்ளி என்ன செய்ய முடியும்? வீடா கட்டிக்கொடுக்க முடியும்?"

முடியாதுதான். ஆனால் வீடு போன பிள்ளைக்குப் பெரும்பாலும் அடுத்துப் போவது பள்ளிக்கூடம். அதைப் போகவிடாமல் பிடித்துவைப்பது உங்கள் கையில் இருக்கிறது.

வீடில்லை என்றதும் தெருவோரத்தில் படுப்பவர்கள்தான் நம் நினைவுக்கு வருகிறார்கள். அமெரிக்காவில் 1987-இல் வந்த மெக்கின்னி-வென்டோ சட்டம் இதை இன்னும் அகலமாகப் பார்க்கிறது. வாடகை கட்ட முடியாமல் சொந்தக்காரர் வீட்டில் ஒண்டியிருப்பவர்கள், வேறு வழியில்லாமல் விடுதி அறையிலோ காருக்குள்ளோ இரவைக் கழிப்பவர்கள், எல்லோரும் அதில் அடக்கம். இப்படி இருக்கிற குடும்பங்கள் வெளியே சொல்ல மாட்டார்கள். வெட்கம் ஒரு பக்கம், பிள்ளையைப் பிரித்துவிடுவார்களோ என்ற பயம் இன்னொரு பக்கம். அதனால் அந்தப் பையனிடம் "உனக்கு வீடில்லையாமே?" என்று கேட்டுவிடாதீர்கள். தனியாகக் கூப்பிட்டு, "இப்போது எங்கிருந்து வருகிறாய், வர எவ்வளவு நேரம் ஆகிறது?" என்று கேளுங்கள். தாமதத்துக்கான காரணம் பாதி அந்தப் பதிலிலேயே வந்துவிடும்.

அடுத்தது காகிதத் தொல்லை. முகவரிச் சான்று, பிறப்புச் சான்று, பழைய பள்ளியின் மாற்றுச் சான்றிதழ் என்று அலுவலகம் கேட்கும். வீட்டைக் காலிசெய்த அவசரத்தில் இதெல்லாம் எங்கே போனதோ! அந்த அமெரிக்கச் சட்டப்படி, ஆவணம் இல்லாவிட்டாலும் உடனே சேர்த்துக்கொள்ள வேண்டும், ஆவணங்களைப் பிறகு தேடிக்கொள்ளலாம். இந்தியாவின் 2009 கல்வி உரிமைச் சட்டமும் வயதுச் சான்று இல்லை என்றோ மாற்றுச் சான்றிதழ் தாமதமாகிறது என்றோ சேர்க்கையை மறுக்கக்கூடாது என்கிறது. சட்டத்தில் இருப்பது அலுவலக மேசையில் இருப்பவருக்குத் தெரியுமா? தலைமையாசிரியரிடம் இதைப் பேசிவையுங்கள்.

எனக்கு முக்கியமாகப் படுவது போக்குவரத்துதான். குடும்பம் வேறு பகுதிக்குப் போனாலும் பிள்ளை பழைய பள்ளியிலேயே தொடர அமெரிக்கச் சட்டம் இடம் தருகிறது. அழைத்துவரும் ஏற்பாட்டையும் கல்வி நிர்வாகமே செய்ய வேண்டும். ஒவ்வொரு இடமாற்றத்திலும் பாடம் விட்டுப்போகிறது, நண்பர்கள் போகிறார்கள், தன்னைத் தெரிந்த ஆசிரியரும் போகிறார். பேருந்துச் செலவைப் பார்த்துக்கொள்ள ஒரு வழி கிடைத்தால் இதில் பெரும்பகுதி நின்றுவிடும்.

சரி, வகுப்பறைக்குள் வருவோம். இணையம் இருந்தால்தான் முடியும் என்கிற வீட்டுப்பாடத்தைப் பள்ளியிலேயே முடிக்க இடமும் நேரமும் கொடுங்கள். போன் சார்ஜ் போட ஓர் இடம், பையை வைத்துப் பூட்ட ஓர் அலமாரி, மாற்றுச் சீருடை ஒரு செட். கேட்க அற்பமாக இருக்கும், ஆனால் அழுக்குச் சட்டையோடு வர வெட்கப்பட்டு லீவு போடுகிற பிள்ளைகள் உண்டு. காலை உணவு தருகிற பள்ளி என்றால், தாமதமாக வந்தாலும் அவனுக்கு ஒரு பங்கு இருக்கட்டும். தாமதத்துக்காக வாசலில் நிறுத்தும் தண்டனை அவனுக்கு வேண்டாம். பேருந்து நேரத்தை அவன் தீர்மானிப்பதில்லை. 'என் வீடு' என்று கட்டுரை எழுதச் சொல்வதையும் 'எனக்குப் பிடித்த இடம்' என்று மாற்றிக்கொள்ளலாம்.

உதவுகிறோம் என்று மேடையில் ஏற்றி, பையோடு போட்டோ எடுத்துப் போடுகிற பள்ளிகளைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். அந்தப் பையன் மறுநாள் எந்த முகத்தோடு வருவான்? விஷயம் தெரிந்தவர்கள் இரண்டு மூன்று பேரோடு நிற்கட்டும். குடும்பத்தோடு பேச, தங்குமிடம் தேட, அரசு உதவிக்கு அலைய, ஒரே ஒருவரைப் பொறுப்பாளராக வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் அந்த அம்மா ஒரே கதையை ஐந்து பேரிடம் சொல்ல வேண்டியிருக்கும்.

பிள்ளைகள் பேசிக்கொள்வதைப் பற்றி வகுப்பில் பொதுவாக எதுவும் சொல்லாதீர்கள், எல்லோரும் அவனைத்தான் திரும்பிப் பார்ப்பார்கள். பேச்சைக் கிளப்புகிறவர்களைத் தனித்தனியாகக் கூப்பிட்டுப் பேசுங்கள்.

அப்புறம் ஒன்று. "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று அவனுக்கு வாக்குக் கொடுக்காதீர்கள். அவன் பெரியவர் துணை இல்லாமல் இருக்கிறான், இல்லை ஆபத்தான இடத்தில் படுக்கிறான் என்று தெரிந்தால், குழந்தைப் பாதுகாப்புக்குப் பொறுப்பானவர்களிடம் நீங்கள் சொல்லியே ஆக வேண்டும். அப்படிச் சொல்லப்போகிறீர்கள் என்பதையும் முதலில் அவனிடமே சொல்லிவிடுங்கள்.