மூணுல போயி நிக்காதலே

நேயர்களுக்கு வணக்கம்.

எங்கள் ஆச்சியோடு தாயம் ஆடி நான் ஜெயித்த நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். கட்டை இருவருக்கும் ஒன்றுதான். அப்புறம் எப்படிப் பெரும்பாலும் அவரே ஜெயித்தார்? அதிர்ஷ்டமா, திறமையா?

பித்தளைக் கட்டை இரண்டு. ஒவ்வொன்றுக்கும் நான்கு பக்கம்: ஒன்று வெறும் பக்கம், மற்ற மூன்றில் ஒன்று, இரண்டு, மூன்று புள்ளிகள். இரண்டையும் உருட்டினால் 16 விதமாக விழலாம். அதில் காயை இறக்கத் தேவையான தாயம், அதாவது மொத்தம் ஒரே புள்ளி, 2 விதம்தான், எட்டுக்கு ஒன்று. எட்டு முறை உருட்டினால் வந்துவிடும் என்று தோன்றும். கணக்குப் போட்டால், எட்டு முறையும் வராமல் போகவே மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் வாய்ப்பு இருக்கிறது. காயை இறக்க முடியாமல் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருப்பது முழுக்க அதிர்ஷ்டக்கேடுதான். அதுவரை ஆச்சியும் நானும் சமம்.

காய் இறங்கியபின் கதை மாறும். அந்த 16-இல் மூன்று விழ 4 வழி, ஆறு விழ ஒரே வழி. எதிராளியின் காய்க்கு மூன்று கட்டம் முன்னால் போய் நிற்பவர் வெட்டுக்குக் கழுத்தை நீட்டுகிறார். ஆறு கட்டம் தள்ளி நின்றால் பெரும்பாலும் தப்பலாம். (தாயமும் ஐந்தும் அடுத்தடுத்து விழுந்தால் போச்சு, அது வேறு.) ஆச்சிக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது. "மூணுல போயி நிக்காதலே" என்பார், அவ்வளவுதான். பக்கத்தில் மலை, அதாவது காயை வெட்ட முடியாத கட்டம், இருந்தால் முதலில் அதில் ஏறிவிடுவார்.

சரி, சதுரங்கத்தில் கட்டையே கிடையாதே, அங்கே அதிர்ஷ்டத்துக்கு என்ன வேலை என்பீர்கள். 2024 ஏப்ரல், டொராண்டோ, உலகச் சாம்பியனோடு மோதப்போவது யார் என்று முடிவுசெய்யும் கேண்டிடேட்ஸ் போட்டியின் கடைசிச் சுற்று. சென்னைப் பையன் குகேஷ் நகமுராவோடு டிரா செய்து 9 புள்ளியோடு முடித்துவிட்டார். அடுத்த பலகையில் காருவானாவும் நெப்போம்னியாச்சியும் ஆடிக்கொண்டிருந்தார்கள். இருவரில் யார் ஜெயித்தாலும் அவருக்கும் 9, மறுநாள் சமநிலையை முறிக்கும் டைபிரேக் ஆட்டம். காருவானா ஜெயிக்கும் நிலைக்கு வந்தும் கோட்டைவிட்டார். 109 நகர்த்தலுக்குப் பிறகு டிரா. முதலிடம் குகேஷுக்கே.

அந்தப் பலகையில் குகேஷுக்குக் கை வைக்க இடமில்லை. ஆனால் முந்தைய 13 சுற்றுகளில் அவர் சேர்த்துவைத்த அரைப் புள்ளி முன்னிலை இல்லாவிட்டால், அந்த டிராவால் அவருக்கு என்ன லாபம்?