ஓட்டையை அடைக்கப் போன ஈத்தேன்

நண்பர்களே, வணக்கம்.

"ஓசோனில் ஓட்டை, ஓட்டை என்கிறீர்களே, அதை அடைத்துவிட்டால் என்ன?" ஓசோனைப் பற்றி எங்கே பேசினாலும் யாராவது ஒருவர் இதைக் கேட்டுவிடுவார். சிரித்து ஒதுக்க வேண்டிய கேள்வி அல்ல. தேர்ந்த வேதியியலாளர்களே உட்கார்ந்து கணக்குப் போட்ட கேள்வி இது.

சட்டென்று தோன்றும் வழி, ஓசோனைக் கீழே தயாரித்து மேலே கொண்டுபோய்க் கொட்டுவது. ஒரு கிலோ தயாரிக்க ஏறத்தாழ 10 யூனிட் மின்சாரம் பிடிக்கும். மோசமான ஆண்டுகளில் அண்டார்க்டிகாவின் மேல் குறைவது 4 கோடி டன் அளவுக்குப் போகும். பெருக்கினால் 40,000 கோடி யூனிட். தூக்கிக்கொண்டு போகும் செலவு தனி. அப்படியே கொட்டினாலும் அங்கே, ஃபிரிட்ஜ் வாயுக்களான குளோரோஃபுளூரோகார்பன்கள் மேலே போய் உடைந்து வெளிவிட்ட குளோரின் காத்திருக்கிறது, அதையும் தின்றுவிடும். ஆகவே ஓசோனை விடுங்கள். குளோரினைத்தான் பிடிக்க வேண்டும்.

குளோரின் எப்போதும் வெறியோடு அலைவதில்லை. பெரும்பாலும் இரண்டு சேர்மங்களுக்குள் சாதுவாக அடைபட்டுக் கிடக்கிறது: ஹைட்ரஜன் குளோரைடு ஒன்று, குளோரின் நைட்ரேட் இன்னொன்று. துருவத்தின் நீண்ட இரவில், ஓசோன் இருக்கும் அடுக்கு மண்டலம் மைனஸ் 78 டிகிரிக்கும் கீழே குளிரும்போது மேகங்கள் உருவாகின்றன. அதில் ஒரே ஒரு துகளைக் கிட்டத்தில் பாருங்கள். அதன் மேல் ஹைட்ரஜன் குளோரைடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. குளோரின் நைட்ரேட் வந்து மோதுகிறது. நைட்ரிக் அமிலம் துகளிலேயே தங்கிவிட, குளோரின் மூலக்கூறு கழன்று காற்றில் கலக்கிறது. வசந்தத்தில் சூரியன் எட்டிப்பார்த்ததும் அது இரண்டு அணுக்களாக உடைய, வேட்டை தொடங்குகிறது. 1986இல் சூசன் சாலமனும் அவருடைய சகாக்களும் விளக்கிய சங்கதி இது.

இப்போது 1991க்கு வருவோம். சிசரோன், எலியட், டர்கோ என்ற மூன்று விஞ்ஞானிகள் ஒரு யோசனை சொன்னார்கள். ஹைட்ரஜன் நிறைந்த வாயுக்களான ஈத்தேன் அல்லது புரோப்பேனைத் துருவச் சுழலுக்குள், அதாவது குளிர்காலத்தில் துருவத்தைச் சுற்றிவரும் காற்றுக்குள், தூவினால், திரியும் குளோரின் அணு அதிலிருந்து ஒரு ஹைட்ரஜனைப் பறித்துக்கொண்டு மறுபடி ஹைட்ரஜன் குளோரைடாக அடங்கிவிடும். ஆண்டுக்கு 50,000 டன் போதும் என்றது அவர்களுடைய கணினி மாதிரி. அதைத் தூவப் பல நூறு விமானங்கள் வேண்டும். அப்போதே அவர்கள் இதில் சிக்கல்கள் உண்டு என்றும் சொல்லிவைத்தார்கள்.

மூன்று ஆண்டுகள் கழித்து அதே குழுவினர் திரும்பக் கணக்குப் போட்டார்கள். முதலில் விட்டுப்போன ஒரு வினையை, மேகத் துகளின் மேல் ஹைட்ரஜன் குளோரைடும் ஹைப்போகுளோரஸ் அமிலமும் சேர்ந்து குளோரினை விடுவிக்கும் வினையைச் சேர்த்தார்கள். கணக்கு தலைகீழானது. ஈத்தேன் உண்டாக்கிய ஹைட்ரஜன் குளோரைடே அந்த வினைக்குத் தீனியாகி, ஓசோன் இழப்பு கூடவும் வாய்ப்பிருந்தது. பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதைதான். எனக்கு இதில் பிடித்தது, தங்கள் தவறைத் தாங்களே கண்டு அச்சில் வெளியிட்டார்களே, அதுதான். விமானங்கள் பறந்த பிறகு அந்த வினை நினைவுக்கு வந்திருந்தால்?

வேறு யோசனைகளும் உண்டு. குளோரோஃபுளூரோகார்பன்கள் மேலே போகுமுன்பே லேசரால் உடைத்துவிடலாம் என்றார் பிரின்ஸ்டனைச் சேர்ந்த தாமஸ் ஸ்டிக்ஸ். காற்று மண்டலம் முழுவதையும் சலிக்க எத்தனை லேசர்கள் வேண்டும் என்று யோசித்தாலே தலை சுற்றும்.

புவி சூடாவதைத் தணிக்கக் கந்தகத் துகள்களைத் தூவலாம் என்ற திட்டத்துக்கும் துகள்களின் மேல் நடக்கும் இதே வேதியியல்தான் குறுக்கே நிற்கிறது. 1991இல் பினடுபோ எரிமலை வெடித்த பிறகு, அதன் கந்தகத் துகள்கள் ஓசோனைக் குறைத்ததை உலகமே பார்த்தது. கந்தகத்துக்குப் பதில் கால்சைட் (சுண்ணாம்புக்கல்லில் உள்ள கனிமம்) துகள்களைத் தூவினால் அமிலங்கள் நடுநிலையாகி ஓசோனுக்கு நன்மையே விளையலாம் என்று 2016இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வந்தது. அதுவும் மாதிரிக் கணக்குதான். 1991இன் ஈத்தேன் கணக்கை நினைத்துக்கொண்டே நான் அதைப் படித்தேன்.

இதற்கிடையே, குளோரோஃபுளூரோகார்பன்களின் உற்பத்தியைக் கட்டுப்படுத்தும் 1987இன் மான்ட்ரியல் உடன்படிக்கை சத்தமில்லாமல் வேலை செய்துகொண்டிருக்கிறது. அண்டார்க்டிகாவின் மேல் ஓசோன் 1980ஆம் ஆண்டு நிலைக்குத் திரும்ப 2066 வாக்கில் ஆகும் என்கிறது 2022இன் அறிவியல் மதிப்பீடு. அவ்வளவு நாளா என்று கேட்பீர்கள். 1985இல் ஒரு ஃபிரிட்ஜிலிருந்து கசிந்த குளோரோஃபுளூரோகார்பன்-12இல் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு இன்னும் காற்றில்தான் இருக்கிறது.