மரவள்ளியை ஏன் மூடாமல் அவிக்கிறோம்?

(கிளிநொச்சி மாவட்டக் கிராமம் ஒன்றின் வாசிகசாலையில், சாதாரண தரப் பிள்ளைகளுக்கும் தாய்மாருக்கும் ஆற்றிய உரை)

தாய்மாரே, பிள்ளைகளே,

மரவள்ளிக்கிழங்கை மூடாமல் அவிக்க வேண்டும் என்று அம்மா சொல்லக் கேட்டவர்கள் கையை உயர்த்துங்கள். சபையில் பாதிக்கு மேல் கை. ஏன் என்று கேட்டால் மட்டும் எல்லோரும் கூரையைப் பார்க்கிறீர்கள்!

உயிரின் மிகச் சிறிய அலகை நமது விஞ்ஞானப் புத்தகம் 'கலம்' என்கிறது. 1665இல் ரொபர்ட் ஹூக் தக்கைச் சீவலை நுணுக்குக்காட்டியில் பார்த்து, சிற்றறை என்று பொருள்படும் பெயரை வைத்தார். எனக்கு நமது சொல்லில்தான் ருசி அதிகம். கலம் என்றால் சட்டி, பானை. உள்ளே இருப்பதைச் சிந்தாமல் வைத்திருப்பது அதன் வேலை.

பீற்றூட்டை வெட்டிக் கழுவிக் குளிர்ந்த நீரில் போடுங்கள், நீர் அவ்வளவாகச் சிவக்காது. சுடுநீரில் போட்டால் சிவந்துவிடும். சாயத்தை அடைத்து வைத்திருந்த மென்சவ்வு சூட்டில் சிதைந்துவிட்டது. சட்டி உடைந்த கதைதான்.

இனி மரவள்ளிக்கு வருவோம். அதன் கலத்துக்குள், புன்வெற்றிடம் என்ற சாறு நிறைந்த பையில், லினமரின் என்ற பொருள் இருக்கிறது. அதை உடைக்கும் நொதியம், அதாவது இரசாயன மாற்றத்தை விரைவாக்கும் புரதம், வெளியே கலச்சுவரில் இருக்கிறது. அடுப்படியில் மண்ணெண்ணெய்ப் போத்தலையும் நெருப்புப்பெட்டியையும் தள்ளித் தள்ளி வைக்கிறீர்கள் அல்லவா, அப்படி. எலி கடித்தால், கத்தி வெட்டினால் இரண்டும் சந்திக்கும். அப்போது லினமரின் உடைந்து பிறப்பது ஐதரசன் சயனைட்டு என்ற நஞ்சு. கடித்த எலிக்கு அது தண்டனை, வெட்டிய நமக்கோ ஆபத்து.

ஆனால் அந்த நஞ்சு 26 பாகை செல்சியசில் கொதித்துவிடும். நமது வன்னி வெயிலுக்கே தாங்காத சாமான்! மூடாத பானையிலிருந்து ஆவியோடு போய்விடும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். முழுக்கிழங்கைக் கொதிநீரில் போட்டால் நொதியம் முதலில் வெந்துவிடும். அது புரதம், அவித்த முட்டை திரும்பப் பச்சை முட்டையாகாதது போல, வெந்த நொதியமும் வேலைக்கு உதவாது. உடையாத லினமரின் கிழங்கிலேயே தங்கிவிடும். ஆகவே தோலுரித்துச் சிறிதாக வெட்டி, நீரில் ஊறவிட்டு, அந்த நீரைக் கொட்டிவிட்டுப் புதிய குளிர்நீரில் அடுப்பேற்றுங்கள்.

தயிருக்கும் இதே சூட்டுக் கணக்குத்தான். பால் கொதிக்கும்போது உறை ஊற்றினால், பாற்சர்க்கரையை இலற்றிக்கமிலமாக மாற்ற வேண்டிய பற்றீரியாக்கள் செத்துப்போகும். அவை ஒவ்வொன்றும் ஒற்றைக் கலம். முல்லைத்தீவுப் பக்கத்து எருமைத் தயிர்ச் சட்டியைத் தொட்டுப் பாருங்கள், வெளிப்புறம் ஈரமாகக் குளிர்ந்திருக்கும். சட்டி நீரைக் கசியவிட்டுத் தயிரைப் பிடித்து வைத்திருக்கிறது. மென்சவ்வும் அப்படித்தான், எதை விடுவது, எதை மறிப்பது என்று ஆள் பார்த்துக் கதவு திறக்கும்.

அடுத்த கிழமை நுணுக்குக்காட்டி கொண்டு வருகிறேன், வெங்காயத் தோலில் கலங்களைக் கண்ணாலேயே பார்ப்போம். வெங்காயம் உங்கள் பொறுப்பு. ஒன்று போதும், விலை எனக்கும் தெரியும்.