தொண்டைமான் காட்டிய வழி

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

நம் கொடைக்கானல் குறிஞ்சி ஆண்டவர் கோயிலின் பின்புறம் நின்றால், மஞ்சு விலகிய காலைகளில் வடக்கே பழனிக் குன்று தெரியும். சிறுவனாக இருந்த என்னை அங்கே நிறுத்தி அக்குன்றைக் காட்டிய என் தந்தையாரின் பையில், கல்கி இதழில் தொடராக வந்த பக்கங்களைப் பிரித்தெடுத்து, ஊசிநூலால் தைத்து, காக்கித்தாள் அட்டை போட்ட ஒரு தொகுப்பு எப்போதும் இருக்கும். அது தொ.மு. பாஸ்கரத் தொண்டைமானின் 'வேங்கடம் முதல் குமரி வரை' என்னும் கோயில் பயணக் கட்டுரைத் தொடர்.

1904இல் பிறந்த அந்த நெல்லைக்காரர், இலக்கியச் சுவைஞர் ரசிகமணி டி.கே.சி.யிடம் கம்பனைச் சுவைக்கக் கற்றவர். வருவாய்த்துறையில் படிப்படியாக உயர்ந்து, மாவட்ட ஆட்சியராகி, 1959இல் ஓய்வு பெற்றவர். (பொதுவுடைமை எழுத்தாளர் ரகுநாதன் இவருடைய தம்பி என்பதை எண்ணும்போதெல்லாம் அந்த வீட்டின் மீது எனக்கு மதிப்புக் கூடுகிறது.) கம்பன், சிற்பக்கலை, முருகன் தலங்களைப் பற்றிய 'ஆறுமுகமான பொருள்' என அவர் பலவற்றை எழுதினார் என்றாலும், அவை அனைத்திலும் இருப்பது ஊர் ஊராக முகாம் போன ஓர் அதிகாரியின் கண்தான் என்பது என் துணிபு. ஒரு கதையிலோ பாட்டிலோ தொடங்குவார். எந்த ரயில் நிலையத்தில் இறங்கி எத்தனை மைல் போகவேண்டும் என்பார். பிறகு நம் கையைப் பிடித்துச் சந்நிதிக்குள் அழைத்துப் போவார். கல்வெட்டாய்வாளரின் கறார் அவரிடம் இல்லை என்பது உண்மையே. ஆனால் தலபுராணத்தை நம்பும் பாட்டியும் சிற்பத்தைத் தேடும் மாணவனும் ஒரே கட்டுரையைப் படித்துவிட்டு ஒரே பேருந்தில் கிளம்பும்படி எழுத அவரால்தான் முடிந்தது.

அந்தக் கண் எழுத்தோடு நிற்கவில்லை. கேட்பாரற்றுக் கிடந்த சோழர் காலச் சிலைகளைத் திரட்டி, 1951இல் தஞ்சை அரண்மனையில் கலைக்கூடம் அமையப் பாடுபட்டார். காளைமேல் கையூன்றி நிற்கும் சிவனான திருவெண்காட்டு ரிஷபவாகனர் இன்று அங்கேதான் நிற்கிறார். சாய்ந்து நிற்க இருந்த காளை இப்போது இல்லை. ஆயினும் அந்தக் கை வெறும் காற்றில் ஊன்றியிருப்பதைப் பார்க்கும் நமக்குக் காளை தெரிகிறது.

தொண்டைமான் 1965இல் மறைந்தார். என் தந்தையாரோ அத்தொகுப்பின் ஓரங்களில், பேருந்து மாறிய இடங்களையும் நடை சாத்தும் நேரங்களையும் பென்சிலால் குறித்து வந்தார்; கடைசிப் பக்கத்தில் பூம்பாறை குழந்தை வேலப்பர் கோயிலுக்குப் போகும் வழியைத் தாமே எழுதிச் சேர்த்திருக்கிறார். அத்தொகுப்பை இன்று இந்த நூலகத்திடம் ஒப்படைக்கிறேன்.