நிக்கான் எம்: ஸ்கேலில் 34 மில்லிமீட்டர் வந்தே விட்டது!

வணக்கம் மக்களே! போன வீடியோவில் காட்டிய பழைய ஜப்பானிய ஃபிலிம் கேமரா, நிக்கான் எம், ஞாபகம் இருக்கிறதா? அதில் ஓட்டிய ஃபிலிம் கழுவி வந்துவிட்டது. படம் எப்படி வந்திருக்கிறது என்று கூடப் பார்க்கவில்லை, ஃபிலிமில் ஒரு படத்தின் அகலத்தை அளக்க முதலில் ஸ்கேலைத்தான் எடுத்தேன். 34 மில்லிமீட்டர்! 36 இல்லை, 34!

இருங்கள், இதை நிதானமாகச் சொல்ல வேண்டும். வழக்கமான 35 மிமீ கேமராவில் ஒரு படத்துக்கு ஃபிலிம் அதன் ஓரத்தில் இருக்கும் துளைகளில் எட்டு துளை நகரும், அது 38 மிமீ. படம் 36 போக இடைவெளி 2. இதிலும் எட்டு துளைதான், ஆனால் படம் 34. அதனால் இடைவெளி 4! இதோ, வெளிச்சத்தில் பிடிக்கிறேன், அந்த அகலமான பட்டை தெரிகிறதா? எனக்கு இதை விட்டுக் கண் நகரவே மாட்டேன் என்கிறது.

1948-ல் வந்த முதல் நிக்கானில் படம் 24க்கு 32. ஏழு துளை போதும், ஃபிலிம் மிச்சம். ஆனால் அமெரிக்காவில் கோடாக்ரோம் என்ற வண்ண ஃபிலிமைத் தனித்தனி ஸ்லைடாக வெட்டிச் சட்டத்தில் பொருத்தும் இயந்திரங்களுக்கு அது ஒத்துவரவில்லை. அப்போது ஜப்பானுக்கு ஏற்றுமதிதான் பிழைப்பு. எனவே 1949-ல் எட்டு துளைக்கு மாற்றிய எம் வந்தது. முழு 36 கிடைக்க 1954-ன் எஸ்2 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஜெர்மன் கேமராவான லைக்காவை அப்படியே நகலெடுத்த கேமராக்கள் என் மனதில் ஒட்டுவதே இல்லை. இது வெளியே இன்னொரு ஜெர்மன் கேமராவான கான்டாக்ஸின் சாயல், உள்ளே லைக்கா பாணித் துணி ஷட்டர். கான்டாக்ஸ் ஷட்டரில் நாடா அறுகிற தொல்லை இதில் கிடையாது. என்ன அருமையான முடிவு!

அப்புறம், முன்பே சொல்லியிருக்க வேண்டியது: வரிசை எண்ணுக்கு முன்னால் எம் என்ற எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள், இது எம் மாடல் என்பதற்கு அதுதான் அடையாளம். வாங்கும்போது முதல் வேலை அதுதான்.

இப்போது கோபம். விற்றவர் அனுப்புவதற்கு முன் அடித்தட்டைப் பாலிஷ் போட்டுத் தேய்த்திருக்கிறார். ‘மேட் இன் ஆக்குபைடு ஜப்பான்’ என்ற பொறிப்பில் கடைசிச் சொல் மங்கிப்போயிருக்கிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜப்பான் நேச நாடுகளின் ஆக்கிரமிப்பில் இருந்ததைத்தான் ‘ஆக்குபைடு’ என்ற சொல் குறிக்கிறது. அது 1952-ல் முடிந்தது, அந்தக் காலத்துக்கு இந்தக் கேமராவின் மேல் இருக்கும் சாட்சியே அந்த வரிதான். பளபளப்புக்காக அதைத் தேய்ப்பார்களா? அழுக்கோடு அனுப்பியிருந்தால் கும்பிட்டு வாங்கியிருப்பேன். விற்கப் போகிறவர்களே, மென்மையான துணியால் துடையுங்கள், போதும்.

சரி, அடுத்த வீடியோவில் இதன் ஷட்டர் வேகங்களை ஒவ்வொன்றாக அளந்து பார்க்கலாம்.