காத்தது நோட்டுப் புத்தகமே!

நடுவர் அவர்களுக்கும் சபைக்கும் வணக்கம். கிழக்கு ஜெர்மனிக்கும் மேற்கு ஜெர்மனிக்கும் நடுவுல இருந்த எல்லையைப் பசுமையா காத்தது முள்வேலியா, மனிதரா? மனிதர்தான்னு பேச வந்திருக்கேன்.

எதிரணித் தலைவர் ஒரு போடு போட்டார்: "ஜெர்மனியில குருவியைக் காப்பாத்தினது வேலி. இவங்க, குருவியை எண்ணி எழுதின நோட்டுப் புத்தகத்தோட பங்கு கேட்க வர்றாங்க." நீங்க கைதட்டினீங்க. நானும்தான் தட்டினேன்!

ஐயா, கிழக்கு ஜெர்மனிக்காரன் வேலியை ஒட்டி 6 மீட்டர் அகலத்துக்கு உழுது போட்டான். நாத்து நடவா? மேற்குக்குத் தப்பி ஓடறவன் காலடி பதியணும்! புல் முளைச்சா தடம் தெரியாதுன்னு களைக்கொல்லி அடிச்சான். மொத்தம் சுமார் 13 லட்சம் கண்ணிவெடி. மிதிச்ச மானும் செத்துச்சு. வேலியே பயிரை மேய்ஞ்ச கதை இதுதான்.

இப்ப நோட்டுப் புத்தகம். வின்சாட்னு ஒரு பறவை, சிட்டுக்குருவியை விடச் சின்னது. கூடு தரையில. ஆனா பூச்சி பிடிக்க உட்கார்ந்து பார்க்க ஒரு குச்சியாவது வேணும். வயல்ல குச்சி ஏது? எல்லைக் கம்பத்துல போய் உட்கார்ந்துச்சு. மேற்குப் பக்கம் இளவட்டங்க தொலைநோக்கியை வச்சுப் பார்த்து நோட்டுல எழுதறாங்க: இந்தக் கம்பத்துல ஒண்ணு, அடுத்த கம்பத்துல ஒண்ணு. கோபுரத்துல இருந்து காவலன் இவங்களைப் பார்க்கறான். இவங்க குருவியைப் பார்க்கறாங்க. குருவி பூச்சியைப் பார்க்குது. பூச்சிதான் பாவம், யாரைப் பார்க்கும்?

1989 நவம்பர் 9, பெர்லின் சுவர் விழுந்துச்சு. சரியா ஒரு மாசம், டிசம்பர் 9. ஹோஃப் நகரத்துல ரெண்டு பக்கத்து ஆளுங்களும் சுமார் 400 பேர் கூடி, இந்த 1,393 கிலோமீட்டர் எல்லையைப் பசுமைப் பட்டையா காக்கணும்னு தீர்மானம் போட்டாங்க. எதைக் காக்கணும்னு காட்டினது அந்த நோட்டு!

சும்மா விட்டா புதர் மண்டி, மரமாகி, வின்சாட் போயிடும். அதனால ஆடு மேய விடணும், புல் அறுக்கணும். அதையும் குஞ்சு பறந்த பிறகுதான் அறுக்கணும். முந்தினா கூட்டோட போச்சு. இதையெல்லாம் எந்த வேலி செய்யும்?

நடுவரே, மணி அடிக்காதீங்க, ஒரே ஒரு மான். செக் நாட்டுக்கும் ஜெர்மனியோட பவேரியா மாநிலத்துக்கும் நடுவுல மின்வேலி இருந்துச்சு. அதை எடுத்துப் பல வருஷம் ஆன பிறகு, செம்மானுக்குக் கழுத்துல ஜி.பி.எஸ். பட்டை மாட்டிப் பார்த்தாங்க. செக் பக்கத்து மான்கள்ல பெரும்பாலானவை வேலி இருந்த இடத்தைத் தாண்டலை. மானுக்கு ஆயுள் பதினஞ்சு வருஷம். வேலியைக் கண்ணால பார்த்த மான் ஒண்ணுகூட உயிரோட இல்லை! தாய் போன தடத்துலதான் குட்டி போகுது.

அங்க இப்ப வேலியே இல்லை. தாய் வந்து நிக்குது, திரும்புது. குட்டியும் திரும்புது. வேலிதான் உன்னைக் காப்பாத்துச்சுன்னு அந்தக் குட்டிகிட்ட போய்ச் சொல்லிட்டு வாங்க, எதிரணித் தலைவரே!