நன்னா ஏறிய கப்பல்

ஜமாஅத் தலைவர் அவர்களே, ஊராட்சித் தலைவர் அவர்களே, பள்ளித் தலைமையாசிரியை அம்மா அவர்களே, கூடத்துக்கு வாடகை வாங்காததோடு டீயும் வடையும் ஏற்பாடு செய்த வர்த்தகர் சங்கத்தாரே, எனக்கு முன்னால் முக்கால் மணி நேரம் பேசி என் வேலையைப் பாதியாகக் குறைத்த புலவர் ஐயா அவர்களே, உட்கார இடமில்லாமல் நிற்கும் தம்பிகளே, அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். யாரையாவது விட்டிருந்தால் மன்னியுங்கள். போன வருஷம் விட்டுப்போன ஒருவர் இன்னும் என்னோடு பேசுவதில்லை.

என் நன்னாவைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். அம்மாவின் அப்பா. மூன்று விஷயம் சொல்கிறேன்: அவர் போன ஊர்கள், பேசிய பாஷைகள், எழுதிய கடிதங்கள். திரைகடல் ஓடியும் திரவியம் தேடு என்று ஒன்றாம் வகுப்பில் எல்லோரும்தான் படிக்கிறோம். நன்னா ஒன்றாம் வகுப்போடு நிறுத்திவிட்டு ஓடவே ஆரம்பித்துவிட்டார்.

1953-ல் அவருக்கு 17 வயது. நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல். 1926-ல் கிளாஸ்கோவில் கட்டியது, நம் பக்கத்துச் சபுராளிகளில், அதாவது கடல் கடந்து பிழைக்கப் போனவர்களில், பாதிப் பேரை ஏற்றிப்போன கப்பல் அதுதான். ஆனால் அது கரைக்கு வராது, ஆழம் பத்தாது. வெளிக்கடலில் நிற்கும். நாம்தான் படகில் போக வேண்டும். போனால் படகு ஒரு அலைக்கு ஏறும், ஒரு அலைக்கு இறங்கும், ஏறுகிற நேரம் பார்த்து ஏணிக்குத் தாவ வேண்டும். நன்னா கையில் ஊறுகாய் ஜாடி. பினாங்கில் இருக்கும் தூரத்துச் சொந்தக்காரருக்கு அவருடைய உம்மா கொடுத்துவிட்ட நார்த்தங்காய். “தாவுடா!” என்கிறான் படகோட்டி. ஜாடியோடு எப்படித் தாவுவது? மேலே ஏணியில் நின்ற ஒரு தாடிக்காரர், “அதை இங்கே போடு” என்றார். போட்டார். பிடித்துக்கொண்டார். நன்னாவும் எப்படியோ தாவி ஏறிவிட்டார். ஏறிப் பார்த்தால் தாடிக்காரரைக் காணோம்!

டெக்கில் பாய் விரித்துப் படுத்திருக்கும் அத்தனை பேர் முகத்தையும் நன்னா தேடுகிறார். முதல் நாள் இல்லை. இரண்டாம் நாள் வாந்தி, தேட முடியவில்லை. மூன்றாம் நாள் காற்று வாக்கில் நார்த்தங்காய் வாசம் வருகிறது. மோப்பம் பிடித்துப் போனால், தாடிக்காரர் எட்டுப் பேரை உட்கார வைத்துக் கஞ்சிக்கு விருந்து நடத்திக்கொண்டிருக்கிறார்! “நீயும் உட்கார் தம்பி” என்றாராம். சொந்த ஊறுகாய்க்கு விருந்தாளியான ஒரே ஆள் என் நன்னாதான்.

பினாங்கில் இறங்கும்போது தாடிக்காரர் காலி ஜாடியைக் கொடுத்து, “வேலை இருக்கா?” என்று கேட்டிருக்கிறார். சூலியா தெருவுக்குப் பக்கத்தில் அவருக்கு நாசி கண்டார் கடை. சோறும் கறியும் காவுத்தடியில் தொங்கவிட்டுத் தோளில் சுமந்து விற்றதால் வந்த பெயர், நம் ஆட்கள் அங்கே போய் உண்டாக்கிய சாப்பாடு. அந்தக் கடையில் 11 வருஷம். அந்தச் சொந்தக்காரரைக் கடைசி வரை நன்னா போய்ப் பார்க்கவே இல்லை, ஊறுகாய் இல்லாமல் எந்த முகத்தோடு போவது என்பார்.

அப்புறம் ஈப்போ, சிங்கப்பூர், கொழும்பு, கடைசியில் ஹஜ்ஜுக்காக ஜித்தா. மலாய் தண்ணீர்பட்ட பாடு, சீனக் கடைக்காரரோடு ஹொக்கியனில் பேரம் பேசுவார். பாஷைகளைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது, தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார், சரி.

நான் கேட்பது இதுதான். திரைகடல் ஓடியும் திரவியம் தேடு என்றால், ஓடக் கப்பல் எங்கே? ரஜூலா 1970-களில் ஓய்ந்தது. அடுத்து வந்த சிதம்பரம் கப்பல் 1985-ல் தீப்பிடித்து உயிர்கள் போயின, அதோடு சரி. இப்போது திருச்சியில் விமானம் ஏறினால் சில மணி நேரத்தில் மலேசியாவில் இறங்கிவிடலாம், மறுக்கவில்லை. ஆனால் நாகைத் துறைமுகம்? கடல் கடந்த ஸ்ரீவிஜய நாட்டு அரசர் சூடாமணி என்ற புத்த விகாரை எழுப்பிய ஊர். சோழர் படை போய் இறங்கிய கடாரம் பினாங்குக்கு எதிர்க்கரைதான், இன்றைய கெடா. நாகையில் இன்று மீன்பிடி படகைத் தவிர அதிகம் ஒன்றும் தெரியவில்லை. 2023 அக்டோபரில் இலங்கையின் காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் விட்டார்கள், சில நாளில் நின்றது, 2024 ஆகஸ்டில் மறுபடி ஓடியது. 60 கடல் மைலுக்கே இந்தப் பாடு என்பார்கள் சிலர். 60 மைல் ஓடினால் அடுத்தது பினாங்கு என்பேன் நான். டெக்கில் பாய் விரிக்க இன்றைக்கும் ஆள் இருக்கிறது, முதல் ஆள் நான்.

கடிதங்களைப் பற்றிச் சொல்வதாக இருந்தேன். பெட்டியில் அப்படியே இருக்கின்றன, கரையான் விட்டு வைத்தவரை. வீட்டுக்கு வந்தால் காட்டுகிறேன்.

வாசலில் மேசை போட்டுக் கப்பல் கேட்டு மனு வைத்திருக்கிறோம். டீ குடித்த கையோடு கையெழுத்தும் போட்டுவிட்டுப் போங்கள். இரண்டே பேனாதான் இருக்கிறது, தயவுசெய்து சட்டைப் பையில் செருகிக்கொண்டு போய்விடாதீர்கள்.